கித்தேரிக்க கொரலு

கடலுக்கும் காயலுக்கும் நடுவே உலரப்போட்ட துண்டுபோல நீண்டு கிடக்கும் கொன்னைத்துறையில், சாம்பல் புதனுக்கு மறுநாள் காலையில், இருநூற்றுப் பன்னிரண்டு வீட்டுக்காரர்களும் கித்தேரியின் குரலோடு எழுந்தார்கள். ஊர்க் கமிட்டித் தலைவர் பெர்க்மான்ஸ் கட்டிலில் கிடந்தபடியே கட்டன்காப்பி கேட்டார். கித்தேரி ஏன் இந்நேரத்தில் வந்து காப்பி கேட்கிறாள் என்று அவர் மனைவி முற்றத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பினாள். அவர் தொண்டையைச் செருமிப் பார்த்தார், அந்தச் செருமலும் கித்தேரியுடையதாகவே இருந்தது. கடற்கரையில் வலை இழுத்தவர்களின் ஏலேலோ கித்தேரியின் குரலில் வந்தது, ஆறு மாதக் கைக்குழந்தை கித்தேரியின் குரலில் பாலுக்கு அழுதது, கோயிலில் பங்குச்சாமியார் சிலுவை அடையாளம் போட்டு ‘பிதா’ என்று தொடங்கியதும் கித்தேரியின் குரல் என்று கண்டு ‘சுதன்’ என்பதை வாய்க்குள்ளேயே சொல்லி முடித்தார். பத்து மணிக்குள் ஊருக்கு விஷயம் விளங்கிவிட்டது. பன்னிரண்டு மணிக்குள் ஆச்சரியப்பட்டு அலுத்தும்விட்டது. அன்றைக்குச் சாளை மீன் குவியல் குவியலாகக் கரைக்கு வந்திருந்ததுதான் காரணம். ஆச்சரியப்பட்டுக்கொண்டே நின்றால் மீன் அழுகிவிடும்.

கித்தேரிக்கு அப்போது முப்பத்துநாலு வயது. அவள் கணவன் தஸ்நேவிஸ் கொச்சியிலிருந்து போகும் ஆழ்கடல் படகில் வேலை பார்த்தான், மாதத்துக்கு ஒருமுறை வந்து இரண்டு நாள் தங்கிப் போவான். ஒரே மகள் ஜெபராணிக்கு ஒன்பது வயது. கித்தேரி பதினொரு வருடமாகக் கோயில் மைக்கில் பேசுகிறவள். ரேஷன் கடைக்கு மண்ணெண்ணெய் வந்ததையும், யாரோ கம்மலைத் தொலைத்ததையும், இன்னார் இறந்துபோனதையும், கடல் கோபமாக இருப்பதையும் அவள்தான் சொல்வாள். அடியில் கொஞ்சம் கரகரப்பும் மேலே கொஞ்சம் மூச்சுக்காற்றும் கலந்த குரல் அது. துக்கத்தைச் சொன்னாலும் பயப்படாதே என்று முதுகில் ஒரு கை வைப்பதுபோல இருக்கும். ‘மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாமென அறிவுறுத்தப்படுகிறார்கள்’ என்று ரேடியோ சொன்னால் ஊரில் ஒருத்தரும் காது கொடுக்க மாட்டார்கள். அவள் மைக்கில், “மக்களே, இண்ணைக்குப் போவாண்டாம் கேட்டியளா, மேகம் செரியில்ல” என்றால் தோளில் கிடந்த துடுப்பை இறக்கி வைத்துவிடுவார்கள்.

அதைக் கேள்விப்பட்டுத்தான் மாதங்கி வந்தாள். கும்பகோணத்துக்காரி, டப்ளினில் நாலு வருடம் இருந்து ஐரிஷ் மொழியை மிஷினுக்குப் பேசக் கற்றுக்கொடுத்த கூட்டத்தில் வேலை செய்தவள். அந்த நாட்டின் மேற்குக் கடற்கரையிலும் இப்படித்தான் சின்னச் சின்ன ஊர்கள், ஊருக்கு ஊர் பேச்சின் ராகம் வேறு என்று அவள் கித்தேரிக்குச் சொன்னாள். வடக்கே உள்ளவர்கள் சாதாரணமாக ஒன்றைச் சொல்வதைக்கூடக் கேள்வி கேட்கிறமாதிரி மேலே ஏற்றி முடிப்பார்களாம், தெற்கே உள்ளவர்கள் இறக்கி முடிப்பார்களாம், வார்த்தையை மட்டும் வைத்துக்கொண்டு மிஷின் பேசினால் அங்கே யாருமே தன் ஊர்ப் பேச்சு என்று ஒத்துக்கொள்ள மாட்டார்களாம். “அதேமாதிரி உங்க கடற்கரைப் பேச்சுக்கும் ஒரு மிஷின் பண்ணலாம்னு வந்திருக்கேன் அக்கா. புயல் வந்தா உங்க குரல்ல எல்லா ஊருக்கும் சொல்லும்” என்றாள். கித்தேரி, “அதுக்கென்ன டீச்சர், சொல்லட்டும்” என்றாள். படித்த பெண் யாராக இருந்தாலும் அந்த ஊரில் டீச்சர்தான்.

கோயிலின் மறைக்கல்வி வகுப்பறையில் சுவரெல்லாம் மெத்தைகளைச் சாய்த்து வைத்து, கித்தேரியின் கழுத்தில் குரல்வளைக்கு இரண்டு பக்கமும் அதிர்வைப் பிடிக்கும் இரண்டு வட்டத் தகடுகளைக் கட்டி, மாதங்கி முப்பத்திரண்டு நாள் அவள் பேச்சைப் பதிவு செய்தாள். கோபமாக, பயந்து, கொஞ்சி, சலித்து, மூச்சிரைக்க என்று நாலாயிரம் வாக்கியம். சாம்பல் புதனன்று நெற்றியில் சாம்பலோடு கடைசி வாக்கியத்தைச் சொல்லி முடித்தாள். மாதங்கி தகடுகளைக் கழற்றி, கட்டிப்பிடித்து நன்றி சொல்லி, சாயங்கால ரயிலைப் பிடித்துச் சென்னைக்குப் போய்விட்டாள். மறுநாள்தான் ஊர் கித்தேரியின் குரலோடு எழுந்தது.

ஒரு மாதத்துக்குள் ஊர் அதற்கு வழி கண்டுபிடித்துக்கொண்டது. பேசுவதற்கு முன்னால் பேரைச் சொல்லிவிட வேண்டும், “சிலுவையான் பேசுதேன், பெட்ரோல் இருக்கா?” என்கிற மாதிரி. ஏலத்தில் கேட்கிறவர்கள் தலையில் ஆளுக்கொரு நிறத் துண்டு கட்டிக்கொண்டார்கள். பள்ளிக்கூடத்தில் ‘உள்ளேன் ஐயா’வை நிறுத்திவிட்டுக் கை தூக்கச் சொன்னார்கள். ஆம்பிளைகளுக்குத்தான் கொஞ்ச நாள் கஷ்டமாக இருந்தது, வெட்டிப் போடுவேன் என்று ஒருத்தன் இன்னொருத்தன்மேல் பாயும்போது அது காணாமல்போன ஆட்டுக்குட்டியைப் பற்றி அறிவிக்கிற குரலாக இருக்கவே, பாய்கிறவனும் பாயப்படுகிறவனும் சிரித்துவிட்டார்கள். கிழவிகளுக்கு அந்தக் குரலில் பூசை கேட்பது பிடித்துப் போயிற்று. கித்தேரிக்கு முதலில் வெட்கமாக இருந்தது, தன் சேலையைக் கேட்காமல் எடுத்து எல்லாரும் உடுத்திக்கொண்டு தெருவில் நடக்கிறமாதிரி. பிறகு ஒருநாள், தன்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் பெர்க்மான்ஸின் மனைவி கித்தேரியின் குரலிலேயே பிள்ளையைத் தாலாட்டுவதைக் கேட்டு நின்று, அவளுக்கே தெரியாமல் கொஞ்சம் பெருமையும் பட்டுக்கொண்டாள்.

ஈஸ்டர் கழிந்த வாரத்தில் ஒரு கல்யாணம் நின்றுபோயிற்று. ரோசிலியின் மகளுக்கு வலிப்பு உண்டு என்று மாப்பிள்ளை வீட்டுக்கு யாரோ போன் பண்ணிச் சொல்லியிருந்தார்கள். அப்படி ஒரு நோய் அந்தப் பெண்ணுக்குக் கிடையாது. பேசியது யார் என்று கேட்டதற்கு மாப்பிள்ளை வீட்டார், “பொம்பளக் கொரலு, அடியில ஒரு கரகரப்பு” என்றார்கள். கமிட்டி கூடிக் கித்தேரியைக் கூப்பிட்டது. பெர்க்மான்ஸ் கெட்டவரல்ல, நோட்டில் எழுதி முடிக்காமல் எந்த விஷயத்தையும் எழுந்து போகவிடாதவர்.

“அது யாருக்க கொரலு கித்தேரி?”

“எனக்க கொரலுதான் தலைவரே. ஆனா நான் பேசல்ல. ஊரே இந்தக் கொரல்லதானே பேசுது? நீங்களும் இப்பம் அதுலதானே கேக்குதிய?”

“நாங்க இரவல் வாங்கினவங்க. சொந்தக்காரி யாரு?”

“நான்தான். ஆனா…”

“ஒத்துக்கிட்டா. எழுதியாச்சு” என்றார் கித்தேரியின் குரலில்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கொடிமரத்தடி மணலில் அரைமணி நேரம் முழங்காலிட வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. அவள் முழங்காலிட்டாள். வெயில் ஏறியிருந்தது, ஊர் சுற்றி நின்று பார்த்தது. பார்த்துக்கொண்டு நின்ற ஒவ்வொருவர் மனதிலும் ஒரே நேரத்தில் ஒரே விஷயம் தட்டுப்பட்டிருக்க வேண்டும், ஏனென்றால் அடுத்த வாரத்துப் புகார்கள் மூன்று, அதற்கடுத்த வாரம் ஆறு, ஐந்தாவது வாரம் பதினொன்று. பல வருடமாக நாக்கு நுனிவரை வந்து விழுங்கப்பட்டதெல்லாம் வெளியே வரத் தொடங்கியது. மாமியார்க்காரியிடம் சொல்லாமல் விட்டது, கூடப்பிறந்தவனைப் பற்றி நினைத்தது, செத்துப்போனவர்களைப் பற்றிச் சொல்லக்கூடாதது, எல்லாம். ஆளை மறைக்க ஒரு கதவு, ஒரு ஜன்னல், ஒரு போன் போதும். மாலையில் எல்லாரும் லேசாக நடந்தார்கள். நன்றாகச் சாப்பிட்டார்கள். பாவத்தைச் சொல்ல ஆள் வராத பாவசங்கீர்த்தனத் தொட்டியில் பங்குச்சாமியார் தனியாக உட்கார்ந்து ஈ ஓட்டினார். அவர் முதலில் இது அநியாயம் என்று கமிட்டியில் சத்தம் போட்டவர்தான். ஆனால் ஆடி மாதத்தில் ஒருநாள், தன்னைப் பத்து வருடமாக இந்த மணலிலேயே விட்டுவைத்திருக்கும் மேலிடத்தை யாரோ போனில் வாய்க்கு வந்தபடி ஏசியதாகப் புகார் வந்தது. வாரப் பட்டியலை மைக்கில் படிப்பது அவர் பொறுப்பு. அந்த வரி வந்தபோது அவருக்கு இருமல் வந்தது. இருமி முடித்துவிட்டு அதையும் படித்தார்.

கித்தேரி பேச்சை நிறுத்தினாள். தான் வாயே திறக்காவிட்டால் சொல்லப்படுவது எதுவும் தன்னுடையதல்ல என்று குழந்தைக்குக்கூடப் புரியுமே என்று நினைத்தாள். வாயைச் சுற்றித் துண்டைக் கட்டிக்கொண்டாள், மகளின் சிலேட்டில் எழுதிக் காட்டினாள், மூன்று மாதம் ஒரு சொல் பேசவில்லை. கமிட்டி அதையும் யோசித்தது. “மறுத்துப் பேசல்ல” என்று எழுதிக்கொண்டது. பட்டியல் நாற்பதைத் தொட்டது. முழங்கால் புண் காய்வதற்குள் அடுத்த ஞாயிறு வந்துகொண்டிருந்தது.

ஐப்பசியில் தஸ்நேவிஸ் வழக்கமான தேதி இல்லாமல் வந்து நின்றான். பையைத் தோளிலிருந்து இறக்கவில்லை. கடலில் நாற்பது மைல் உள்ளே இருக்கும்போது வயர்லெஸில் அவளுடைய குரல் வந்து, நீ இனி கரைக்கு வராண்டாம், பிள்ளை உனக்கதில்ல என்று சொன்னதாம். படகில் பதினொரு பேரும் கேட்டார்களாம்.

கித்தேரி துண்டை அவிழ்த்தாள். மூன்று மாதம் கழித்து அவள் பேசிய முதல் வார்த்தை, “நான் சொல்லல்ல.”

அவன் அவளையே பார்த்தான். “அதையும் அதே கொரல்லதானே சொல்லுதே” என்றான். அவன் வெளியூரில் வேலை பார்த்ததால் அவன் குரல் மட்டும் அவனுடையதாகவே இருந்தது, அதைக் கேட்டதில் அவளுக்கு அழுகை வந்தது. அவன் ஜெபராணியின் தலையில் கைவைத்து முத்தம் கொடுத்துவிட்டு இரண்டரை மணி பஸ்ஸில் ஏறிப் போனான். அதற்கப்புறம் வரவில்லை.

கித்தேரி அன்றைக்கே மாதங்கிக்குப் போன் பண்ணினாள். மாதங்கி எல்லாவற்றையும் கேட்டுக் குறித்துக்கொண்டாள். பிறகு ஒரு உற்சாகத்தோடு, “அக்கா, குரல் சட்டை மாதிரி, யார் வேணா எடுத்துப் போட்டுக்கலாம். ஆனா பேச்சோட ராகம் நடை மாதிரி. எங்க ஏத்துறாங்க, எங்க இறக்குறாங்க, எங்க மூச்சை நிறுத்துறாங்கன்னு ஒவ்வொருத்தருக்கும் ஒண்ணு உண்டு. உங்க ராகம் முழுக்க என் மிஷின்ல இருக்கு. போன்ல பதிவான பேச்சையெல்லாம் போட்டுப் பார்த்தா அது நீங்க இல்லைன்னு அடிச்சுச் சொல்லிடும்” என்றாள்.

அவள் மிஷினோடு வந்து கமிட்டியில் அதையே விளக்கினாள். கேட்டவர்கள் முகமெல்லாம் மீன் வெட்டும் பலகைமாதிரி வெளுத்தது. பெர்க்மான்ஸ் மட்டும் நிதானமாக, “நல்ல விஷயம் டீச்சர். ஆனா பதினஞ்சு நாள் கழிச்சு வையுங்க. திருநாள் வேலை கெடக்கு” என்றார். மாதங்கி சரி என்று சொல்லி நாகர்கோவிலில் ஒரு லாட்ஜில் போய்த் தங்கினாள்.

திருநாள் வேலை எதுவும் நடக்கவில்லை. கோயில் மைக் அறையில் பதினொரு வருட அறிவிப்புகளும் கேசட்டிலும் பென்டிரைவிலும் கிடந்தன. காலையிலும் மாலையிலும் அவற்றை ஒலிபெருக்கியில் போட்டார்கள், ஊர் மணலில் வரிசையாக உட்கார்ந்து கூடவே சொன்னது. மண்ணெண்ணெய் வந்திருக்கு என்பதில் எங்கே இறங்குகிறாள், மேகம் செரியில்ல என்பதில் எங்கே நிற்கிறாள் என்று விரலால் காற்றில் கோடு இழுத்துப் படித்தார்கள். படிப்பு வராமல் ஐந்தாம் வகுப்போடு நின்றவர்கள்கூட ஆசையாகப் படித்தார்கள். வகுப்புப் பிள்ளைகளோடு ஜெபராணியும் போய் உட்கார்ந்திருந்தாள், அவளுக்குப் படிக்க ஒன்றும் இல்லை, பிறந்ததிலிருந்து கேட்ட ராகம். வீட்டில் புண்ணுக்கு மஞ்சள் வைத்துக்கொண்டிருந்த கித்தேரி அந்தச் சத்தத்தைக் கேட்டு, கேலி செய்கிறார்கள் என்று நினைத்தாள். செய்யட்டும், பதினைந்து நாள்தானே என்று இருந்துவிட்டாள்.

அந்த நாள் வந்தது. போனில் பதிவானதை எல்லாம் அழித்துவிட்டோம், ஆளாளுக்கு நேரில் வந்து பேசுகிறோம், யார் கித்தேரி என்று மிஷினே சொல்லட்டும் என்றார் பெர்க்மான்ஸ். மாதங்கி தயங்கினாள், வேறு வழி தெரியவில்லை. கொடிமரத்தடியில் மேசை போட்டார்கள். ‘சாளை வந்திருக்கு, கரைக்கு வாருங்க’ என்று ஒவ்வொருவரும் வந்து சொல்ல வேண்டும், மிஷின் நூற்றுக்கு எவ்வளவு கித்தேரி என்று காட்டும். பெர்க்மான்ஸ் சொன்னார், எண்பத்தொன்பது. அவர் மனைவி தொண்ணூற்றிரண்டு. ரோசிலி தொண்ணூறு. பங்குச்சாமியார் எண்பத்தாறு. மாதங்கியின் முகம் மாறிக்கொண்டே வந்தது. பிள்ளைகளும் கிழடுகளும் சொன்னார்கள், எல்லாம் எண்பதுக்கு மேலே.

கடைசியில் கித்தேரி வந்தாள். மூன்று மாதம் கட்டிக் கிடந்த வாயிலிருந்து அந்த வாக்கியம் சாக்கை இழுத்துக்கொண்டு போவதுபோல ஒரே தட்டையாக வந்தது. எங்கும் ஏறவில்லை, எங்கும் இறங்கவில்லை.

நாற்பத்தொன்று. ‘வேறு நபர்’ என்று திரையில் எழுத்து வந்தது.

“அக்கா, இன்னொரு தடவை சொல்லுங்க” என்றாள் மாதங்கி. முப்பத்தெட்டு.

“அப்பம் நீ கித்தேரி இல்ல” என்றார் பெர்க்மான்ஸ், நாளை மழை இல்லை என்று சொல்கிறமாதிரி.

கித்தேரி திரையில் இருந்த எழுத்தை வாசித்தாள். அப்புறம் அவளுக்கு விளங்கியது. ஈஸ்டருக்குப் பிறகு முதல் தடவையாகச் சிரித்தாள். “செரி தலைவரே. நான் இல்ல. நான் யாரோ. அப்பம் நான் முட்டுப்போட வேண்டாம் இல்லியா?”

“நீ எதுக்குப் போடணும்? ஊருக்குச் சம்பந்தமில்லாதவ” என்றவர் மாதங்கியின் பக்கம் திரும்பினார். “கூடுதல் மார்க்கு யாருக்கு டீச்சர்?”

மாதங்கி பட்டியலைக் கீழே இறக்கிக்கொண்டே போனாள். அவள் ஆராய்ச்சிக்காரி, கேள்வி கேட்டால் விடை தேடுவது அவள் பழக்கம், யோசிப்பதற்கு முன்னாலேயே வாய் சொல்லிவிட்டது. “தொண்ணூற்றேழு. ஜெபராணி.” சொன்ன பிறகுதான் தலையைத் தூக்கி எல்லார் முகத்தையும் பார்த்தாள். “சார், இது வெறும் ஒப்பீடுதான். இதுக்கு அப்படி அர்த்தம் இல்ல…”

“ஒப்பீடுதான் நாங்களும் கேட்டோம்” என்றார் பெர்க்மான்ஸ். நோட்டைத் திறந்து எழுதினார். “வாற ஞாயிறு மொதக்கொண்டு இந்தப் பிள்ளை.”

ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. ரோசிலி மட்டும், “வெயில் கூடுதலா இருந்தா ஒரு குடை பிடிக்கலாம்” என்றாள்.

அன்று மாதங்கி கித்தேரியின் வீட்டில் அழுதாள். என்கூடச் சென்னைக்கு வந்துவிடுங்கள், இரண்டு பேரும் வந்துவிடுங்கள் என்றாள். கித்தேரி தலையை ஆட்டினாள். “அவரு திரும்பி வந்தா இங்கதானே டீச்சர் வருவாரு. வீடு பூட்டிக் கெடந்தா, வயர்லெஸ்ல சொன்னது நெசம்ணு ஆயிருமே.” பிறகு கேட்டாள், “தொண்ணூத்தேழுக்கு மேல நான் எடுத்தா?”

ஆறு நாள் இருந்தது. மாதங்கி மிஷினை அங்கேயே விட்டுவைத்தாள். ஜெபராணி அம்மாவுக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தாள். அவளுக்கு அது விளையாட்டாகத்தான் இருந்தது.

“அப்படி இல்லம்மா. நீ என்னைக் கூப்பிடும்போ ‘ராணீ’ண்ணு மேல போயி, கொஞ்சம் நிண்ணு, அப்புறம் ‘வா மோளே’ண்ணு வழுக்கிக்கிட்டுக் கீழ வருவே. இப்பம் நீ சும்மா கூப்பிடுதே.”

“ராணீ. வா மோளே.”

“கோவமா இருக்கு.”

“ராணீ, வா மோளே.”

“அழுவுற மாதிரி இருக்கு. நீ அழுவாம கூப்பிடுவே.”

வெள்ளிக்கிழமை அறுபத்தாறு. சனிக்கிழமை காலையில் எண்பத்தொன்று. சாயங்காலம் தொண்ணூற்றைந்தில் நின்றுகொண்டு நகர மறுத்தது. “அம்மா, நான் ஓடிப்போயி மறைஞ்சுக்கிடுதேன், தேடு” என்று சொல்லிவிட்டுப் பிள்ளை கொல்லைப்பக்கம் ஓடினாள். கித்தேரி கதவடியில் நின்று கூப்பிட்டாள். மாதங்கி திரையைப் பார்த்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ஊர் முன்னால் மிஷின் தொண்ணூற்றெட்டு காட்டியது. கூட்டத்திலிருந்து பெருமூச்சு ஒன்று வந்தது, காணாமல் போன மாடு தானே வீடு வந்து சேர்ந்தால் விடுவார்களே அந்தமாதிரி. “இதுதான் கித்தேரி” என்றார்கள் கித்தேரியின் குரலில். பெர்க்மான்ஸ் நோட்டில் பிள்ளையின் பேரை அடித்துவிட்டுப் பழைய பேரை எழுதினார். கித்தேரி மணலில் முழங்காலிட்டாள். பங்குச்சாமியார் பட்டியலைப் படித்தார். அந்த வாரம் ஐம்பத்திரண்டு, அதில் தஸ்நேவிஸுக்குச் சொன்னதும் இருந்தது. ஒவ்வொன்றுக்கும் அவள் முகத்தைத் தூக்கி, தன் சொந்த ராகத்தில், ஏற வேண்டிய இடத்தில் ஏறி இறங்க வேண்டிய இடத்தில் இறங்கி, “நான்தான், நான்தான் சொன்னேன்” என்றாள்.

மாதங்கி அந்த வாரமே போய்விட்டாள், மிஷினைக் கமிட்டி வைத்துக்கொண்டது. மாதத்துக்கொருமுறை சோதனை என்று முடிவாயிற்று, ஏனென்றால் ஜெபராணியின் மார்க்கு பிள்ளை வளர வளர ஏறிக்கொண்டே இருந்தது. ஆகவே கித்தேரி பேச்சை விட முடியாமல் ஆயிற்று. மீன் கழுவும்போதும் துணி துவைக்கும்போதும் தனியே தெருவில் நடக்கும்போதும் அவள் பேசிக்கொண்டே இருந்தாள், மண்ணெண்ணெய் வந்திருக்கு என்றும் மேகம் செரியில்ல என்றும். ஜெபராணி வளர்ந்து பதினெட்டு வயதில் நர்ஸ் படிப்புக்கு வெளியூர் போனாள். போன இரண்டாம் நாளே, விடுதி அறையில் அவள் தன் சொந்தக் குரலில் வணக்கம் சொன்னாள். அது கொஞ்சம் மெல்லிய குரல், அப்பாவின் சாயல். அம்மாவுக்குப் போன் பண்ணிப் பேசினாள். கித்தேரி, பேசுவது யாரென்று தெரியாமல், “ராங் நம்பர் மோளே” என்று அன்பாகச் சொல்லி வைத்துவிட்டு, கதவடியில் போய் நின்று, அன்றைய பயிற்சிக்காக, ராணீ, வா மோளே என்று கூப்பிடத் தொடங்கினாள்.